முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்: தொழில்நுட்ப ஆலோசனைப் பதவிக்கான நேர்முகத் தேர்வு பற்றிய வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை வேலையைப் பற்றியவை. கொழும்பிலுள்ள தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்கள் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களை ஆரம்பநிலைப் பதவிகளுக்குத் தெரிவு செய்யும்போது நடத்தும் நேர்முகத் தேர்வுகளே அவற்றின் பொருள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கடிதங்களை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்தும் இருக்கிறேன்.

கேள்வி: நான் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படிக்கிறேன். தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனமொன்றின் இணையவழிப் பரீட்சையில் தேறிவிட்டேன். அடுத்தது ‘கேஸ்’ எனப்படும் நேர்காணலாம். நிரல் எழுதச் சொன்னால் எனக்குப் பயமில்லை. ஆனால் அங்கே நிரலே கேட்கமாட்டார்கள் என்று சென்ற ஆண்டு போய்வந்த அண்ணன் ஒருவர் சொல்லிவிட்டார். அப்படியானால் எதைத்தான் கேட்பார்கள்?
– இறுதியாண்டு மாணவன், அறிவியல்நகர்

பதில்: தம்பி, அந்த அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரி. தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளை இணைப்பது எப்படி, மென்பொருளைப் பயனாளரிடம் ஒப்படைக்கும் முன் எவ்வகைச் சோதனைகள் நடக்கும் என்ற அளவில் இரண்டு மூன்று கேள்விகள் வரலாம். அவற்றை நீங்கள் இலகுவாகக் கடந்துவிடுவீர்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து, அதை நீங்கள் எப்படி ஆராய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்; அதுதான் ‘கேஸ்’. அது ஏனென்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த வேலை என்னவென்று புரிய வேண்டும்.

தொழில்நுட்ப ஆலோசகர் என்பவர் வாடிக்கையாளரின் அலுவலகத்திலோ களஞ்சியத்திலோ போய் உட்கார்ந்து, அங்கே வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று விசாரித்து எழுதி, அதற்குப் பொருந்தும் மென்பொருளைத் தெரிந்தெடுக்கவோ மாற்றியமைக்கவோ உதவி, பழைய தரவுகளைப் புதிய முறைக்குக் கொண்டுவந்து, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, புதிய முறை இயங்கத் தொடங்கும் குழப்பமான முதல் வாரங்களில் அவர்களோடு கூட நிற்பவர். இதில் கணினிக்கு முன்னால் தனியே இருக்கும் நேரத்தைவிட, மனிதர்களுக்கு முன்னால் இருந்து கேள்வி கேட்கும் நேரம் அதிகம். அந்தக் கேள்விகள் சரியாகக் கேட்கப்படாதபோது, அல்லது கிடைத்த பதிலை ஏற்க ஒருவரும் மனம் கொள்ளாதபோது, இழப்பு சிறியதாக இருப்பதில்லை. ஜெர்மனியின் லிடில் என்ற பெரும் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2011இல் தொடங்கிய, கணக்கையும் கையிருப்பையும் நடத்தும் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளுக்கு மாறும் திட்டமொன்றை, ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ செலவான பிறகு, 2018இல் கைவிட்டது. கையிருப்பைக் கொள்வனவு விலையில் மதிப்பிடுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். அந்த மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டிருந்தது. தன் வழக்கத்தை மாற்ற நிறுவனம் விரும்பாததால் மென்பொருளைத் திருத்தத் தொடங்கினார்கள் என்றும், திருத்தத்தின் மேல் திருத்தமாகச் சிக்கல் வளர்ந்துவிட்டது என்றும் அப்போது செய்திகள் வெளிவந்தன. நிரலாளரின் திறமைக் குறைவு இங்கே பேச்சே அல்ல.

இனி, உங்கள் நேர்காணலில் வரக்கூடிய ஒரு கேள்வியை நமக்குத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். “ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு 12 கிளைகள் இருக்கின்றன. மாத முடிவில் கையிருப்புக் கணக்கு பொருந்துவதில்லை. புதிய கணினி முறை வேண்டுமென்று தலைவர் கேட்கிறார். என்ன ஆலோசனை சொல்வீர்கள்?” கணினி படித்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் உடனே பட்டைக்குறியீடு, கைத்தொலைபேசிச் செயலி, மேகக்கணிமை என்று அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அளவெடுக்காமலே துணியை வெட்டும் தையற்காரரை யாரும் இரண்டாம் முறை தேடிப்போவதில்லை. தேர்வுக் குழுவும் அப்படித்தான்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பொருந்தவில்லை என்றால் குறைகிறதா, கூடுகிறதா? எல்லாக் கிளைகளிலுமா, சிலவற்றில் மட்டுமா? எந்தப் பொருட்களில்? கணக்கெடுப்பு எந்த நாளில், யாரால் நடக்கிறது? குழுவினர் இவற்றுக்குப் பதில் தயாராக வைத்திருப்பார்கள், கேட்டால்தான் தருவார்கள். ஒன்பது கிளைகளில் கணக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது, மூன்றில்தான் பிழைக்கிறது, அந்த மூன்றும் தலைமைக் களஞ்சியத்திலிருந்து தூரத்தில் இருப்பவை என்று அவர்கள் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி தானாக வர வேண்டும்: பொருள் போய்ச்சேர எவ்வளவு காலம் எடுக்கிறது? களஞ்சியத்தில் லொறி புறப்பட்ட நாளிலேயே பற்றுச்சீட்டு எழுதிப் பதிந்துவிடுகிறார்கள். தூரக் கிளையிலோ மூட்டைகள் வந்திறங்கி எண்ணி முடித்த பிறகுதான் பதிகிறார்கள். கணக்கெடுப்பு மாதத்தின் கடைசி நாளில் நடக்கிறது. ஆகவே 30ஆம் திகதி மாலை புறப்பட்டு 1ஆம் திகதி போய்ச்சேர்ந்த சீனியும் மாவும் களஞ்சியத்தின் கணக்கிலும் இல்லை, கிளையின் கணக்கிலும் இல்லை. ஒருவரும் எதையும் எடுக்கவில்லை. பொருள் வழியில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவுடன் விடை முடிந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அதே சங்கத்தில் கிளைக்குப் பொருள் அனுப்பும்போது விற்பனை விலையில் கணக்கு வைக்கிறார்களா, கொள்வனவு விலையிலா என்றும் கேளுங்கள். விற்பனை விலையில் வைத்தால், மாத நடுவில் அரிசி விலை இறங்கும்போது பழைய கையிருப்பின் பெறுமதியும் இறங்கிவிடும். அந்த மாற்றத்தைப் பதியாத கிளை முகாமையாளரின் கணக்கில் பொருள் குறையாமலே பணம் குறையும். லிடில் நிறுவனத்தில் தலைவலி கொடுத்த அதே இடம்தான் இது, அளவுதான் வேறு. உதிரியாக நிறுத்து விற்கும் பொருட்களில் ஏற்படும் கழிவு மூன்றாவது காரணமாக இருக்கலாம். இப்படிக் காரணங்களை ஒன்றோடொன்று கலக்காமலும், எதுவும் விடுபடாமலும் பிரித்து வைக்கும் முறையை 1960களில் மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ வகுத்துத் தந்தார். இன்று ஆலோசனைத் துறை முழுவதும் அதைத்தான் பழகுகிறது. பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. திகதி, விலை, எடை என்று மூன்று தலைப்புகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினாலே போதும்.

முடிவையும் துணிந்து சொல்லுங்கள். “முதல் மாதத்தில் கணினி வேண்டாம். அனுப்பிய திகதி, பெற்ற திகதி என இரண்டு நெடுவரிசைகள் உள்ள படிவமொன்றை எல்லாக் கிளைகளுக்கும் கொடுத்து, வழியிலுள்ள பொருளுக்குத் தனிக் கணக்குத் திறப்போம். வித்தியாசம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்த பிறகு, எஞ்சியதற்கு எவ்வகை முறை வேண்டும் என்று தீர்மானிப்போம்” என்று ஒரு மாணவர் சொன்னால், அவரை அடுத்த கட்டத்துக்கு அழைக்காமல் விடுவது கடினம். விடை வேறாக இருந்தாலும் பாதகமில்லை. புதிய தகவலொன்றைக் குழு நடுவில் தரும்போது உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறீர்களா, அல்லது முன்பு சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களா என்பதைத்தான் அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

கேள்வி: கோட்டும் கழுத்துப் பட்டியும் கட்டாயமா? வாங்க வேண்டுமானால் கடன்தான் வாங்க வேண்டும்.
– மாணவன், மாங்குளம்

பதில்: கடன் வாங்க வேண்டாம். தோய்த்து அழுத்திய முழுக்கைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, துடைத்த சப்பாத்து போதும். கழுத்துப் பட்டி வேண்டுமென்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தால் நண்பரிடம் ஒருநாளைக்கு இரவல் வாங்குங்கள்.

கேள்வி: நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் செயற்றிட்ட முகாமைத்துவம் படிக்கும் மாணவி. மாதிரி நேர்காணலொன்றில், ஒரு நகரத்தில் எத்தனை பியானோ சுருதி சேர்ப்பவர்கள் இருப்பார்கள் என்று கேட்டார்கள். பியானோவை நான் நேரில் பார்த்ததே இல்லை. வாயடைத்துப் போனேன். உண்மையான விடை அவர்களுக்குத் தெரியுமா? இதை எப்படிப் பழகுவது?
– மூன்றாம் ஆண்டு மாணவி, பம்பைமடு

பதில்: அவர்களுக்கும் தெரியாது, தங்கச்சி. அந்தப் பியானோக் கேள்வி இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சிக்காகோவில் படித்தவர்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அதைப் பம்பைமடு மாணவியிடம் மாற்றமில்லாமல் கேட்டவரின் கற்பனை வறட்சிக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் முறை பயனுள்ளது. 1945 யூலை 16இல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, அதிர்வலை வந்த கணத்தில் ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டு, அவை எவ்வளவு தூரம் தள்ளப்பட்டன என்பதைக் கொண்டு வெடிப்பின் வலு ஏறத்தாழ 10,000 தொன் ரி.என்.ரி. வெடிமருந்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார். பின்னர் கருவிகளின் துணையோடு கணித்த அளவு 20,000 தொன்னைத் தாண்டியது. பாதி குறைவுதான், ஆனால் ஆயிரமா, இலட்சமா என்று எதுவும் தெரியாத நேரத்தில், காகிதத் துண்டுகளைக் கொண்டு அந்த எல்லைக்குள் வந்துவிட்டார். உங்களிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

பழகுவதற்குப் பியானோவை விட்டுவிட்டு நெல்லை எடுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் 20,000 ஏக்கர் விதைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக்கு எத்தனை இயந்திரங்கள் வேண்டும்? நெல் முற்றிய பிறகு வயலில் நிற்கக்கூடிய காலம் குறைவு. எல்லா வயல்களும் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. எனவே அறுவடைக் காலத்தை 25 நாட்கள் என்று எடுக்கலாம். நாளொன்றுக்கு 800 ஏக்கர் வெட்ட வேண்டும். ஓர் இயந்திரம் வயலிலிருந்து வயலுக்கு மாறும் நேரத்தையும் சேர்த்து ஒருநாளில் 8 ஏக்கர் வெட்டும் என்று கொண்டால் 100 இயந்திரங்கள் வேண்டும். இங்கே நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். தை, மாசி மாதங்களில் மழை வந்து வயல் சேறானால் இயந்திரம் இறங்காது. ஐந்தில் ஒரு பங்கு நாட்கள் அப்படிப் போனால் மிஞ்சுவது 20 நாட்கள், தேவை 125 இயந்திரங்கள். ஆகவே 100க்கும் 130க்கும் இடையில் என்று சொல்லலாம்.

பிறகு, இந்த விடையில் எந்த எண் பிழைத்தால் முழுவதும் பிழைக்கும் என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஏக்கர்க் கணக்கை யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். மழையால் எத்தனை நாட்கள் போகும் என்பதை அப்படித் திருத்த முடியாது. அதோடு, 125 இயந்திரங்கள் வேண்டுமென்றால் அத்தனையும் கிளிநொச்சிக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. பொலன்னறுவை போன்ற வேறு மாவட்டங்களிலிருந்து வாடகைக்கு வருபவையும் உண்டு. வாடகை இயந்திரத்துக்குச் செயலி தயாரிக்க விரும்பும் நிறுவனமொன்றுக்கு நீங்கள் ஆலோசகராகப் போனால், இந்தக் கடைசி வசனம்தான் அவர்களுக்குப் பணம் தரும் வசனம். கணக்குப் போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். மௌனமாக இருந்து சரியான எண்ணைச் சொல்பவரைவிட, வழியைச் சொல்லிக்கொண்டே சற்றுப் பிழையான எண்ணுக்கு வருபவருக்கே இந்த மேசையில் மதிப்பு அதிகம். செயற்றிட்ட முகாமைத்துவம் படிப்பவருக்கு, வேலையை நாட்களாலும் ஆட்களாலும் வகுக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். நிரல் எழுதத் தெரியாது என்று தயங்காதீர்கள்.

கேள்வி: “நீங்கள் எதிர்கொண்ட ஒரு சவாலைச் சொல்லுங்கள்” என்ற கேள்வி நிச்சயம் வரும் என்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு 2009இல் நடந்தவற்றை விடப் பெரிய சவால் எனக்கு எதுவும் இல்லை. நான் அப்போது சிறுபிள்ளை. அதைச் சொல்லலாமா? வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெள்ளக் காலத்தில் எங்கள் கிராம அலுவலருக்கு நிவாரணப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்ததுதான்.
– இறுதியாண்டு மாணவன், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: சொல்லலாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு. ஆனால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். சுயவிபரக் கோவையில் முல்லைத்தீவு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஆர்வத்தாலோ இரக்கத்தாலோ யாராவது அந்தப் பக்கமாகப் பேச்சை இழுத்தாலும், “அக்காலத்தில் நான் சிறுவன், என் படிப்புக் காலத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்” என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் கேள்வி உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. சிறுபிள்ளைக்கு நேர்ந்தவற்றில் அந்தப் பிள்ளையின் தீர்மானம் எதுவும் இல்லை. அந்த அனுபவத்தைத் தேர்வுக் குழுவின் மதிப்பெண் தாளில் வைப்பது, என் எண்ணத்தில், அதற்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே நிவாரணப் பட்டியலைச் சொல்கிறீர்களே! உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் இருப்பதை வாசகர்களுக்காகச் சுருக்குகிறேன். பட்டியலில் சில குடும்பங்கள் இரண்டு முறை வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டதால் பெயரைக் கொண்டு பிடிக்க முடியவில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடியபோதும் சிலர் தப்பிவிட்டார்கள். ஏனென்றால் ஒரே ஆளின் பழைய அட்டையின் ஒன்பது இலக்கமும் ‘வி’ எழுத்தும் கொண்ட எண் ஓரிடத்திலும், புதிய அட்டையின் பன்னிரண்டு இலக்க எண் இன்னோரிடத்திலும் பதியப்பட்டிருந்தன. நீங்கள் பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, அந்தப் பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கி, எல்லாவற்றையும் பன்னிரண்டு இலக்கத்துக்கு மாற்றிய பிறகு எக்செலில் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

தரவுகளை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும்போது ஆலோசனை நிறுவனங்கள் மாதக்கணக்கில் செய்யும் வேலை இதுதான். இதைச் சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு பகுதிகளாகச் சொல்லும் முறையை எல்லா வழிகாட்டிகளும் கற்பிக்கின்றன. நல்ல முறைதான், ஆனால் மாணவர்கள் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். வெள்ளத்தை இரண்டு வசனத்தில் முடியுங்கள். “ஒரே குடும்பத்துக்கு இரண்டு பொதி போனால் இன்னொரு குடும்பத்துக்கு இல்லாமல் போகும், ஆகவே பட்டியலை விரைவில் சீர்செய்ய வேண்டியிருந்தது” என்பது பணி. அடையாள அட்டை இலக்கத்தை மாற்றிய விதத்தை ஆறுதலாக, படிப்படியாகச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் சொத்து. விளைவில், எத்தனை இரட்டைப் பதிவுகள் நீங்கின என்ற உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். நினைவில்லாவிட்டால் கிராம அலுவலரிடம் கேளுங்கள்; கூட்டிச் சொல்ல வேண்டாம். இரட்டையாகத் தெரிந்தவர்களைப் பட்டியலிலிருந்து நீங்களே வெட்டினீர்களா, அல்லது அலுவலரிடம் காட்டி அவர் உறுதிசெய்த பிறகு வெட்டினீர்களா என்ற மறுகேள்வி வரும். கடிதத்தில் அது இல்லை. அதற்கான பதிலை இப்போதே நினைவுபடுத்தி வையுங்கள், ஏனெனில் மற்றவர்களின் தரவில் கைவைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை இந்தத் தொழிலில் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, எழுதினால் பிழை வராது. பேசும்போது தமிழில் யோசித்து மாற்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. கொழும்புப் பாடசாலைகளில் படித்தவர்களோடு குழுக் கலந்துரையாடலில் எப்படிப் போட்டியிடுவது?
– மாணவி, மல்லாவி

பதில்: இந்தத் தொழிலில் ஆங்கிலம் தவிர்க்க முடியாதது, வாடிக்கையாளர்களில் பலர் வெளிநாட்டவர்கள். அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் தேவைப்படுவது உச்சரிப்பு அழகல்ல, தெளிவு. சிறிய வசனங்களாகப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் அதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்பது கேஸ் நேர்காணலில் வழமையானது. வேகமாகப் பேசுபவர்களும் அதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். தொடக்கத்திலேயே “என் ஆங்கிலம் நல்லதல்ல, மன்னியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவரை அதைக் கவனிக்காதவரும் அதன் பிறகு கவனிக்கத் தொடங்குவார்.

குழுக் கலந்துரையாடலில் முதலில் பேசுபவருக்குத்தான் வாய்ப்பு என்ற எண்ணம் பிழையானது. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் மேசையில், “இதுவரை இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன, ஒன்று செலவைப் பற்றியது, மற்றது காலத்தைப் பற்றியது, முதலில் எதைத் தீர்மானிப்போம்?” என்று ஒருவர் சொன்னால் மேசை அவர் பக்கம் திரும்பும். அதற்குத் தேவையான ஆங்கிலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாள்தோறும் கால் மணிநேரம் தோழியொருத்தியோடு ஆங்கிலத்தில் மட்டும் ஏதாவதொரு கணக்கையோ பிரச்சினையையோ வாய்விட்டுத் தீர்த்துப் பாருங்கள். ஆங்கிலச் செய்தி கேட்பதைவிட அது விரைவில் பலன் தரும்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். இந்நாட்டின் அரச கரும மொழிகள் சிங்களமும் தமிழும். அரச திணைக்களங்களுக்கும் வங்கிகளுக்கும் முறைமை அமைக்கும் நிறுவனத்துக்கு, வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அலுவலர்களிடம் அவர்களுடைய மொழியில் விசாரித்து, அதைப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் எழுதித் தரக்கூடியவர் தேவை. உங்களுக்குத் தெரிந்த மொழிகளைச் சுயவிபரக் கோவையின் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் மேலே எழுதுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் கொஞ்சம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: முதல் சுற்று சூம் வழியாக. வீட்டில் சிக்னல் வந்துவந்து போகும். மின்சாரமும் நிச்சயமில்லை.
– மாணவன், நெடுங்கேணி

பதில்: அன்றைக்கு வீட்டில் இருக்காதீர்கள். பீடத்திலோ, நகரத்திலுள்ள உறவினர் வீட்டிலோ, கதவு பூட்டக்கூடிய அறையொன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதே நேரத்தில் முதல் நாளும் இணைப்பைச் சோதித்துப் பாருங்கள். வேறு வலையமைப்பின் சிம் அட்டையுள்ள இன்னொரு தொலைபேசியைத் தயாராக வைத்து, இணைப்பு அறுந்தால் அழைப்பதற்கு ஓர் இலக்கத்தைத் தொடக்கத்திலேயே குழுவிடம் கேட்டுப் பெறுங்கள். இணைப்பு அறுந்தது உங்கள் குற்றமல்ல. ஆனால் அதற்கு ஆயத்தமாக இருந்தீர்களா என்று பார்ப்பார்கள்.

கேள்வி: என் மகள் கொழும்பில் இப்படியொரு ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். பயிற்சி தருவதால் இரண்டு ஆண்டுகளுக்கு விலக முடியாது, விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறது. அரச வேலை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். பெண்பிள்ளை தனியே கொழும்பில் இருப்பதையும் யோசிக்கிறேன்.
– தந்தை ஒருவர், துணுக்காய்

பதில்: ஐயா, அரச வேலையையும் இதையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. தனியார் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே போட்டிப் பரீட்சைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து காத்திருக்கும் காலத்துக்கு யாரும் அனுபவச் சான்றிதழ் தருவதில்லை. தனியார் வேலைக்கு ஓய்வூதியம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு மகளின் சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்காக 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். நியமனக் கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தகுதிகாண் காலத்திலும் அது செலுத்தப்பட வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றிய உங்கள் யோசனை நியாயமானது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் சேர்ந்து தங்கும் விடுதிகளும் வீடுகளும் இருக்கின்றன; மகளின் பீடத்திலிருந்து முன்பு போனவர்களிடம் விசாரித்தால் விளம்பரத்தில் வராத இடங்களும் தெரியவரும். வாரத்தில் எத்தனை நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும், எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், வாடிக்கையாளரின் இடத்துக்குப் பயணம் போகும்போது போக்குவரத்தும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்ற மூன்றையும் மகளே மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்கட்டும். அவற்றைக் கேட்பதால் வேலை போய்விடாது. இந்த வேலையே கேட்கும் வேலைதான்.

ஒப்பந்தத்தை மகள் கையெழுத்திடும் முன் நான்கு விடயங்களை வாசித்து உறுதிசெய்ய வேண்டும். கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று எண்ணில் எழுதப்பட்டிருக்கிறதா? பணியில் இருக்கும் மாதங்கள் கூடக்கூட அந்தத் தொகை குறைகிறதா, அல்லது இருபத்துமூன்றாம் மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா? நிறுவனமே அவரை விலக்கினால் பணம் கேட்க மாட்டார்கள் என்று தெளிவாக இருக்கிறதா? இரண்டு ஆண்டு என்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? கடைசியாகச் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு மாதப் பயிற்சி என்றால் இரண்டு ஆண்டு இரண்டரை ஆண்டாகிவிடும். இவற்றில் ஏதாவது தெளிவில்லாவிட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உறுதிப்படுத்திய பிரதி போதும்; மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டிவிட்டு, அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.